மச்சானின் கேமனும் சித்தப்பாவின் எஞ்சினும்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வேலைக்கு ரயிலில் போய் வருகிறேன். குடும்பத்துக்கு ஒரு டொயோட்டா இருக்கிறது. சனி, ஞாயிறில் ஓட்டவென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எண்ணம். பழைய கார்க் கண்காட்சி ஒன்றில் 1970ஆம் ஆண்டு எம்ஜிபியைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. போர்ஷே 718 கேமன் வைத்திருக்கும் என் மச்சானோ, "அத்தான், உது கார் இல்லை, காட்சிச் சாமான். புது மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒண்டை எடுங்கோ" என்கிறார். அவருடைய கேமனை ஓட்டிப் பார்த்தேன். அருமையான கார்தான். ஆனால் இறங்கும்போது நான் ஒன்றும் செய்த மாதிரி இல்லை. எம்ஜிபியைச் சிறிது தூரம்தான் ஓட்டினேன். கை, கால், காது எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது. யாழ்ப்பாணத்தில் சித்தப்பா வைத்திருந்த ஒஸ்ரின் கேம்பிரிஜ் ஞாபகம் வந்தது. பழைய கார்களில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறதா, இல்லை எல்லாம் ஞாபகம் செய்யும் வேலையா? நான் எதை வாங்கட்டும்?

— வாசகர், ஹாரோ

பதில்: சித்தப்பாவின் கார் ஞாபகம் வந்ததற்கு மனசு மட்டும் காரணமில்லை. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தன் பல கார்களுக்கும் பொதுவாக வைத்திருந்தது ‘பி-சீரிஸ்’ என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின். ஏ55 கேம்பிரிட்ஜில் அது 1489 சி.சி. அதே 1489 சி.சி. எஞ்சின்தான் இந்தியாவில் அம்பாசடருக்குள்ளும் இருந்தது. எம்ஜிபியில் அதையே 1798 சி.சி.க்குப் பெருக்கி, இரண்டு எஸ்யூ கார்பரேட்டர்களை மாட்டினார்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் புகைக்குழாயில் வரும் அந்த அடித்தொண்டை உறுமல் உங்கள் காதுக்குப் பழக்கமானதாகத் தோன்றியிருந்தால், காது பொய் சொல்லவில்லை. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்து ஆஸ்டின், மொரிஸ் கார்களைச் சில துளி பெட்ரோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்களே, அந்தப் பொறுமையெல்லாம் அக்காலத்துக் குறைந்த அழுத்த எஞ்சின்களின் குணம். எம்ஜிபியின் எஞ்சின் அழுத்தம் அதைவிடக் கூடியது. ஊர்ப் பழக்கத்தை அதில் முயன்று பார்க்க வேண்டாம்!

இனி மச்சானின் பக்கம். வேகத்தைப் பற்றிப் பேசினால் அவரோடு வாதாட எதுவுமில்லை. அடிப்படை மாடல் கேமனுக்கே 300 குதிரைத்திறன். சுமார் 5 விநாடியில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும். உங்கள் எம்ஜிபிக்கு ஏறத்தாழ 95 குதிரைத்திறன். அதே வேகத்துக்கு 12 விநாடிக்கு மேல் ஆகும். பின்னால் டிரம் பிரேக், லீஃப் ஸ்பிரிங். ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை. மோதினால் எந்தக் காருக்குள் இருக்க விரும்புவீர்கள் என்று கேட்டால், பழைய கார்ப் பைத்தியங்கள் எல்லோருமே பேச்சை மாற்றிவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான், ஆனால் இதில் சமாதானம் சொல்ல வழியில்லை. பிராண்ட்ஸ் ஹாட்ச் போன்ற பந்தயத் தளத்தில் நாள் முழுக்கச் சுற்ற வேண்டுமென்றாலும் கேமன்தான். நாலு சுற்றில் எம்ஜிபியின் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். கேமன் அலட்டிக்கொள்ளாமல் ஓடும்.

ஆனால் நீங்கள் ஓட்டப்போவது பந்தயத் தளத்தில் அல்ல, சில்டர்ன் குன்றுகளின் வேலியோரச் சாலைகளில். அங்கே சட்ட வேகம் அதிகபட்சம் 60 மைல். கேமன் இரண்டாம் கியரிலேயே அதைத் தாண்டிவிடும். அடிப்படை மாடலிலேயே பின் டயரின் அகலம் 265 மி.மீ.; அந்த வருடத்து எம்ஜிபிக்குப் போடும் டயர் 155 அல்லது 165 மி.மீ. சாலையில் நியாயமாகப் போகக்கூடிய எந்த வேகத்திலும் கேமனின் டயர் தன் பிடிப்பில் பாதியைக்கூடச் செலவழிப்பதில்லை. செலவழிக்காத வரை அது உங்களிடம் சொல்வதற்கும் ஒன்றுமிருக்காது. "ஒன்றும் செய்த மாதிரி இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது காரின் குறையல்ல. கார் இன்னும் வேலையையே தொடங்கவில்லை.

எம்ஜிபி 40 மைல் வேகத்து வளைவிலேயே உழைக்கத் தொடங்கிவிடும். ஒல்லி டயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணம் விட்டு நழுவும். முன் சக்கரம் பிடியை இழப்பதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங்கின் கனம் குறையும். அந்தச் சக்கரத்துக்கும் உங்கள் உள்ளங்கைக்கும் நடுவில் இருப்பவை ஒரு பல்சட்டமும் சில இணைப்புகளும்தான். மோட்டாரோ மென்பொருளோ கிடையாது. கேமனின் ஸ்டியரிங்குக்கு மின் மோட்டார் துணை உண்டு. எந்தச் சேதி உங்கள் கைக்கு வர வேண்டும், எதை வடிகட்ட வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார்கள். போர்ஷேக்காரர்கள் அதை மிக நன்றாகச் செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் வடிகட்டியது வடிகட்டியதுதான். புதுக் கார்களில் ஏதோ காணாமல் போயிருக்கிறது என்பது விற்பவர்களுக்கும் தெரியும். தெரியாமலா 2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 தன் எஞ்சின் ஓசையை ஸ்பீக்கர் வழியே உள்ளே இருப்பவருக்குப் போட்டுக் காட்டியது?

பழைய கார் ரசிகர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். இந்த இன்பத்தையெல்லாம் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வயதுக்கு இதில் சம்பந்தமே இல்லை. எடை, டயரின் அகலம், கைக்கும் சாலைக்கும் இடையிலுள்ள தூரம், இவைதான் விஷயம். எம்ஜிபி 900 கிலோவை ஒட்டியது. கேமன் 1,300 கிலோவுக்கு மேல். நான் சொல்வதற்கு எம்ஜிபியே சாட்சி. 1974இன் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர்களை மாட்டினார்கள். பம்பர் உயரம் சரியாக வர வேண்டுமென்று காரையே தரையிலிருந்து தூக்கினார்கள். வளைவில் அது சாயும் சாய்வைப் பார்த்தால், பழசு என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது என்று புரியும்.

மறுபக்கச் சாட்சி மச்சான் சொல்லும் மாஸ்டாதான். எம்ஜிபியைச் செய்துகொண்டிருந்த அபிங்டன் தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. பிரிட்டனில் சிறு ஸ்போர்ட்ஸ் கார்களின் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். அதற்கு முந்தைய வருடமே பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், இந்த மாதிரி எளிய, இலேசான கார் ஒன்றை நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டிருந்தார். பிறகு அவரே மாஸ்டாவில் சேர்ந்தார். லோட்டஸ் எலான் போன்ற ஆங்கிலக் கார்களை மனதில் வைத்து உருவான எம்எக்ஸ்-5, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தது. அதன் ஆரம்ப மாதிரிகளில் ஒன்றைக் கட்டியது இங்கிலாந்தின் வொர்திங்கில் இருந்த ஒரு நிறுவனம் என்பது இன்னும் வேடிக்கை. ஆங்கிலேயர் விட்ட இடத்திலிருந்து ஹிரோஷிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எண்ணெய் ஒழுகல், மழையில் கிளம்ப மறுப்பது போன்ற பரம்பரைச் சொத்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. 2015இல் வந்த இப்போதைய தலைமுறையும் ஆயிரம் கிலோவைச் சுற்றித்தான் நிற்கிறது. அதன் ஸ்டியரிங்கிலும் மின் மோட்டார் புகுந்துவிட்டது, எம்ஜிபி அளவுக்குப் பேசாது. ஆனால் கேமனைவிடச் சீக்கிரம் பேசத் தொடங்கும். ஆகவே மச்சான் தவறான காரணம் சொல்லிச் சரியான காரைக் காட்டியிருக்கிறார்.

எம்ஜிபிக்கும் புது மாஸ்டாவுக்கும் நடுவில் 1990களின் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இருக்கிறதே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஓட்ட இனிய கார். ஆனால் நீங்கள் இருப்பது ஹாரோ. 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுவதும் அதிதாழ்புகை வலயம் (ULEZ). அந்த வயதுக் கார்களில் பெரும்பாலானவை ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் பன்னிரண்டரை பவுண்ட் கட்ட வேண்டும். நாற்பது வயது தாண்டி, வரலாற்று வாகனமாகப் பதிவான கார்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. சாலை வரியும் இல்லை. ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. கட்டாயமில்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள், பிரேக் உங்களுடையது.

இனி என் தீர்ப்பு. வீட்டுக் கார் தனியே இருக்கிறது, வேலைக்கு இது வேண்டாம். எனவே மூடிய கராஜ் இருந்தால் எம்ஜிபி. தெருவோரம்தான் நிறுத்த வேண்டுமென்றால் மாஸ்டா, மறுபேச்சே வேண்டாம். லண்டன் மழையும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் எம்ஜிபியைத் தின்றுவிடும். எம்ஜிபியிலும் திறந்த காரைவிடக் கூரையுள்ள ஜிடி வகையைப் பாருங்கள். 1965 முதல் வந்தது. உடல் இறுக்கமானது, மழைக்கும் பயப்பட வேண்டாம். பின் இருக்கை பெயரளவுக்குத்தான், பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குரோம் பம்பர் காலத்துக் காராக இருக்கட்டும். 1967க்குப் பிந்தியது என்றால் முதல் கியரும் முரண்டு பிடிக்காமல் விழும்.

எஞ்சினைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதைப் பிரித்துப் பூட்ட ஆளும் பாகமும் தாராளமாகக் கிடைக்கும். பார்க்க வேண்டியது துரு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டிச் சட்டம்தான் இந்தக் காரின் முதுகெலும்பு. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் அதன் நெடுக வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பில்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடுக்கு சுருங்கினால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். புதிய முழு உடல்கூடே செய்து விற்கிறார்கள், ஆனால் அந்த வேலை காரின் விலையைத் தாண்டிவிடும்.

வாங்கிய பிறகு, முன் சக்கரக் கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். பங்க்கில் இப்போது சாதாரண பெட்ரோல் எல்லாமே பத்து சதவீதம்வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். குழாய்களை மாற்றுங்கள், சூப்பர் பெட்ரோலே போடுங்கள். சிலிண்டர் ஹெட்டில் ஈயமில்லாப் பெட்ரோலுக்கேற்ற வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது மச்சானையும் கூட்டிப் போங்கள். ஓவர்டிரைவ் உள்ள கார் என்றால், மூன்றாம், நான்காம் கியரில் அதன் சுவிட்சைத் தட்டச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்று சட்டென்று இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பல சமயம் வயர் கோளாறாகத்தான் இருக்கும், ஆனால் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டிய வேலை என்று கணக்குப் போட்டே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.