சுவரில்லா வீட்டில் ஆறாயிரம் உட்கருக்கள்

கனிந்த வாழைப்பழத்தை இரண்டு நாள் மூடாமல் வைத்திருந்தால், அதைச் சுற்றிச் சிறிய ஈக்கள் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவை டிரோசோஃபிலா என்னும் பழ ஈக்கள். 3 மி.மீ. அளவே உள்ள இந்த ஈ நூறாண்டுக்கும் மேலாக அறிவியலுக்கு உதவி வருகிறது. மார்கன் என்ற அமெரிக்க அறிஞர் 1910-இல் வெள்ளைக் கண் கொண்ட ஒரு பழ ஈயைக் கண்டார். ஜீன்கள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என்பதற்கு அதிலிருந்தே சான்று கிடைத்தது.

இந்த ஈயின் முட்டைக்குள் முதல் மூன்று மணி நேரத்தில் நடப்பதை இங்கே காண்போம். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வலை, இழுவிசை, பரப்பளவு ஆகிய மூன்றும் இதில் வருகின்றனவே!

பிரியாமல் பெருகும் உட்கருக்கள்

ஒரு செல் இரண்டாகும்போது முதலில் உட்கரு பிரிகிறது. பிறகு சைட்டோபிளாசம் பிரிந்து, நடுவே சவ்வு உண்டாகிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பழ ஈயின் கரு இந்த வழியில் தொடங்குவதில்லை. அதன் உட்கரு மட்டுமே பிரிகிறது, சவ்வு எழுவதில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்பது நிமிடங்கூட ஆவதில்லை. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, பதின்மூன்று முறை பெருகுகின்றன. பெரிய கூடத்தில் தடுப்பே இல்லாமல் குடியிருக்கும் குடும்பங்களைப் போல எல்லா உட்கருக்களும் ஒரே சைட்டோபிளாசத்தில் இருக்கின்றன.

2-ஐப் பதின்மூன்று முறை பெருக்கினால் 8192 வரும். ஆனால் முட்டையின் மேற்பரப்பை ஒட்டி வரிசையாக நிற்பவை ஏறத்தாழ 6000 மட்டுமே. மற்றவை எங்கே? சில உட்கருக்கள் நடுவிலுள்ள மஞ்சள் கருப் பகுதியிலேயே தங்கிவிடுகின்றன. வேறு சில முட்டையின் பின்முனைக்குச் சென்று முன்கூட்டியே செல்களாகிவிடுகின்றன. இவற்றிலிருந்தே பிற்காலத்தில் ஈயின் இனச்செல்கள் தோன்றும்.

முட்டையிட்டு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும் பிரிதல் நிற்கிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு உட்கருவைச் சுற்றியும் மேலிருந்து திரை இறங்குவதுபோலச் செல் சவ்வு உள்நோக்கி வளர்கிறது. ஒரே வேளையில் ஆறாயிரம் அறைகள் எழுகின்றன!

ஒரு சிறு கணக்கு

இதற்கு எவ்வளவு சவ்வு தேவை? ஓர் அறையின் மேற்புறத்தை 6 மைக்ரான் பக்கமுள்ள சதுரமாகவும், ஆழத்தை 33 மைக்ரானாகவும் கொள்வோம். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) மேற்புறத்தின் பரப்பு 36 சதுர மைக்ரான். நான்கு பக்கங்களின் பரப்பு 4 × 6 × 33 = 792. அடிப்புறம் 36. மொத்தம் 864 சதுர மைக்ரான். முன்பு 36 மட்டுமே இருந்த இடத்தில் இப்போது 24 மடங்கு சவ்வு தேவைப்படுகிறது. இருக்கும் சவ்வை இழுத்து நீட்டி இவ்வளவு பெற முடியாது. கருவின் உள்ளே தயாராகும் நுண்ணிய சவ்வுப் பைகள் வந்து இணைந்து இந்தத் தேவையை நிறைவு செய்கின்றன.

வலையும் சுருக்குப்பையும்

இறங்கும் திரைகளின் கீழ் விளிம்பில் ஆக்டின், மயோசின் என்னும் புரதங்களாலான ஒரு வலை இருக்கிறது. நம் தசைகளைச் சுருங்க வைப்பவையும் இவ்வகைப் புரதங்களே. இந்த வலை தேன்கூடுபோல அறுகோணக் கண்களால் ஆனது. ஒவ்வொரு கண்ணிலும் ஓர் உட்கரு. திரை முழு ஆழமும் இறங்கியபின் ஒவ்வொரு கண்ணும் பாட்டியின் சுருக்குப்பைபோல இறுகி, செல்லின் அடிப்புறத்தை மூடுகிறது.

இழுவிசையில் இருக்கும் வலையில் ஒரு கயிறு அறுந்தால் என்ன ஆகும்? பக்கத்துக் கயிறுகள் இழுக்க, ஓட்டை பெரிதாகும். ஆகவே வலை அறாமல் இருப்பது முக்கியம். இங்கேதான் நமது ஜீன் வருகிறது.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எரிக் வீஸ்ஹவுஸும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு எளிய உத்தியைக் கையாண்டனர். குரோமோசோமின் ஒரு துண்டு இல்லாத கருக்களை உண்டாக்கி, எந்த வேலை கெடுகிறது என்று பார்த்தனர். எக்ஸ் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இல்லாதபோது அறைகள் ஒழுங்காக அமையவில்லை. அப்பகுதியில் உள்ள ஜீனுக்கு ‘நல்லோ’ என்று பெயர். அது இல்லாத கருவில் வலையின் சில பக்கங்கள் காணாமற்போகின்றன. அங்கே திரை இறங்குவதில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உட்கருக்கள் ஒரே அறையில் சிக்கிக்கொள்கின்றன. அந்தக் கரு பிழைப்பதில்லை.

1993-இல் விவரிக்கப்பட்ட இன்னொரு ஜீனின் பெயர் ‘பாட்டில்நெக்’. சீசாவின் கழுத்து என்று பொருள். அது இல்லையென்றால் சுருக்குப்பை நேரத்துக்கு முன்பே இறுகிவிடுகிறது. உட்கருக்கள் நெரிபட்டுச் சீசாபோல வடிவம் மாறுகின்றன. ஆக, நல்லோ வலை அறாமல் காக்கிறது; பாட்டில்நெக் அது அவசரப்பட்டுச் சுருங்காமல் தடுக்கிறது.

எண்ணத் தெரிந்த முட்டை

பதின்மூன்று முறை ஆயிற்று என்பது கருவுக்கு எப்படித் தெரியும்? முட்டையின் சைட்டோபிளாசம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. குரோமோசோம்களோ ஒவ்வொரு பிரிவிலும் இரு மடங்காகின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஓர் அளவை எட்டுவது இங்கு முக்கியமான குறிப்பாகிறது. ஒரே ஒரு தொகுதி குரோமோசோம் கொண்ட கருக்கள், அதாவது வழக்கத்தில் பாதி மட்டுமே உள்ளவை, இன்னொரு முறை பிரிந்த பிறகே செல்களாகின்றன. பாதியாக இருப்பதை ஈடுகட்ட ஒரு பிரிவு கூடுதலாக வேண்டும் அல்லவா? நல்லோ ஜீனின் செயல் அளவும் இந்த விகிதத்துக்கேற்ப மாறுவதை 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நல்லோ புரதம் வேலை முடியும் தறுவாயில் மறைந்துவிடுகிறது. அதைச் செயற்கையாக நீடிக்கச் செய்தபோது, செல்களின் மேற்பகுதியில் அமைய வேண்டிய இணைப்புகள் கெட்டன. உரிய நேரத்தில் வருவது எவ்வளவு முக்கியமோ, உரிய நேரத்தில் விலகுவதும் அவ்வளவு முக்கியம்!

ஓர் எச்சரிக்கை

‘செல்லை உண்டாக்கும் ஜீன் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எங்கேனும் படித்தால் சற்று நின்று யோசியுங்கள். வீட்டில் ஃபியூஸைக் கழற்றினால் விளக்கு அணையும். அதனால் ஃபியூஸே ஒளி தருகிறது என்று சொல்வோமா? மின்னோட்டம் செல்ல அது தேவை, அவ்வளவே. நல்லோ இல்லாமல் அறைகள் சரியாக அமையா என்பது உண்மை. ஆனால் நல்லோ தனியாக ஒரு அறையையும் கட்டாது. ஆக்டின், மயோசின், சவ்வுப் பைகள், தாய் ஈ முட்டையில் சேர்த்து வைத்த பொருள்கள் ஆகிய அனைத்தும் கூடினால்தான் செல்.

கருவின் வளர்ச்சியை ஜீன்கள் நெறிப்படுத்தும் விதத்தை ஆராய்ந்ததற்காக வீஸ்ஹவுஸ், ஜெர்மனியின் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், அமெரிக்காவின் எட்வர்ட் லூயிஸ் ஆகிய மூவரும் 1995-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நீங்கள் செய்து பாருங்கள்: அறையின் ஆழம் 33-க்குப் பதிலாக 15 மைக்ரான் மட்டுமே என்றால், தேவையான சவ்வு எத்தனை மடங்கு? விடை 12 மடங்கு வந்தால், உங்கள் கணக்கு சரி.