வகுப்பறையில் தொடங்கிய போர்

போரைப் பாடாத இலக்கியம் உலகில் இல்லை எனலாம். வெட்சி முதல் வாகை வரை போரின் ஒவ்வொரு படிக்கும் திணை வகுத்த மரபு நம்முடையது. ஒரே மகனைக் களத்திற்கு அனுப்பும் தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அதே புறநானூற்றில்தான், தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் பாடலும் இருக்கிறது. முன்னது போருக்குப் புறப்படுவதைச் சொல்கிறது. பின்னது போருக்குப் பின் எஞ்சியதைச் சொல்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டும் படைப்பே போரை முழுமையாகக் காட்டுவது என்பது என் கருத்து. இக்கருத்தை உரைத்துப் பார்க்க, ஒரு ஜெர்மன் புதினத்தையும் அதிலிருந்து பிறந்த இரண்டு திரைப்படங்களையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நூலும் ஆசிரியரும்

‘ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ என்ற ஆங்கிலப் பெயரால் நாம் அறிந்த இந்நூலின் ஜெர்மன் தலைப்புக்கு, ‘மேற்கே புதிதாக ஒன்றுமில்லை’ என்பது பொருள். 1928-இல் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து, 1929-இல் நூலாயிற்று. இதை எழுதிய எரிக் மரியா ரெமார்க் 1898-இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் படைக்கு அழைக்கப்பட்டு, 1917-இல் மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களிலேயே குண்டுச் சிதறல் பட்டு மருத்துவமனை சேர்ந்தார். போர் முடிந்து பத்தாண்டு கழித்தே அவர் இதை எழுதினார் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். போர் நடக்கும்போது எழுந்த குரல் அன்று இது. போரைச் சுமந்துகொண்டு பத்தாண்டு வாழ்ந்தவரின் குரல்.

வகுப்பறை

கதைத் தலைவன் பவுல் பாய்மர் ஒரு மாணவன். அவனையும் அவன் தோழரையும் போருக்கு அனுப்புவது அரசாணை அன்று; காண்டொரெக் என்னும் ஆசிரியரின் சொற்பொழிவு. நாடு, கடமை, வீரம் என்று அவர் நாள்தோறும் பேசப் பேச, வகுப்பு முழுவதும் அணிவகுத்துச் சென்று படையில் பெயர் கொடுக்கிறது. தயங்கியவன் ஒருவன் மட்டுமே. அவன் பெயர் பேம். கோழை என்று பெயர் வருமே என அஞ்சி அவனும் போகிறான். அவனே முதலில் மடிகிறான்.

காண்டொரெக்கை ரெமார்க் கொடியவராகப் படைக்கவில்லை. தாம் நல்லதையே செய்கிறோம் என்று நம்பும் மனிதராகவே படைத்திருக்கிறார். தாம் பேசும் பொருளைத் தாமே அறியாமல் பேசியதுதான் அவர் குற்றம். படிப்போரும் படிப்பிப்போரும் கூடி வாழும் ஒரு கல்லூரியின் மலரில் இதைச் சொல்வது பொருத்தமென்றே எண்ணுகிறேன். வகுப்பறையில் பேசப்படும் சொல்லுக்கு வெளியுலகில் ஒரு விலை உண்டு; அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் பேசியவர் அல்லர், கேட்டவர்.

1930-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய அமெரிக்கப் படம் இக்கருத்தை நன்கு பற்றிக்கொண்டது. ஆசிரியர் உள்ளே முழங்குகிறார். சன்னலுக்கு வெளியே படை அணிவகுத்துச் செல்கிறது. இரண்டும் ஒரே சட்டத்துள் தெரிகின்றன. நூல் பல பக்கங்களில் உணர்த்துவதைப் படம் ஒரு காட்சியில் உணர்த்திவிடுகிறது.

விடுப்பு நாட்கள்

போரின் பின்விளைவு போர் முடிந்த பிறகே தொடங்கும் என்று நாம் நினைக்கிறோம். ரெமார்க் அதை நடுவிலேயே காட்டிவிடுகிறார். பவுலுக்குப் பதினேழு நாள் விடுப்புக் கிடைக்கிறது. அதில் மூன்று நாள் பயணத்திற்கு. வீட்டில் தாய் நோயுற்றுக் கிடக்கிறாள். தன் அறையில் தான் ஆசையோடு சேர்த்த புத்தகங்களை எடுத்துப் பார்க்கிறான். ஒன்றும் அவனோடு பேசவில்லை. ஊர்ப் பெரியவர்கள் எந்த நாட்டைப் பிடிக்கலாம் என்று அவனுக்கே போர் சொல்லிக்கொடுக்கிறார்கள். கால் வெட்டப்பட்டு மருத்துவமனையில் துடித்து இறந்த தோழன் கெம்மரிக்கின் தாயிடம், வலியே இல்லாமல் நொடியில் உயிர் போயிற்று என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். உடலில் காயமில்லாத பவுலுக்குப் பழைய வாழ்வுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிட்டதை இப்பகுதி காட்டுகிறது. புதினத்தின் உயிர்நிலை இதுவே என்பேன்.

மைல்ஸ்டோன் இங்கே நூலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறார். விடுப்பில் வந்த பவுல் தன் பழைய வகுப்பறைக்குள் நுழைகிறான். அதே ஆசிரியர், அதே பேச்சு. எதிரே இன்னும் இளைய பிள்ளைகள். போரைப் பற்றிப் பேசு என்கிறார் ஆசிரியர். உள்ளதை உள்ளபடி அவன் சொல்ல, பிள்ளைகளே அவனைக் கோழை என்கிறார்கள். நூலிலிருந்து விலகினாலும் நூலின் கருத்தை ஆழப்படுத்தும் மாற்றம் இது.

எட்வர்ட் பெர்கர் 2022-இல் ஜெர்மன் மொழியிலேயே எடுத்த படம் நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. அதன் தொடக்கம் மறக்க முடியாதது. இறந்த வீரனின் உடையைக் கழற்றி, இரத்தம் போகத் துவைத்து, கிழிசலைத் தைத்துப் பவுலுக்குக் கொடுக்கிறார்கள். சட்டையில் வேறொருவன் பெயர் இருக்கிறதே என்கிறான் பவுல். அதிகாரி அதைப் பிய்த்தெறிகிறார். புதினத்தில் ஒரு காலணி இறந்தவனிடமிருந்து அடுத்தவனுக்கு மாறி மாறிப் போகும். அதற்கு ஈடான கற்பனை இது. ஆனால் இப்படம் விடுப்புப் பகுதியை அடியோடு நீக்கிவிட்டது. அதற்குப் பதிலாக, எர்ஸ்பெர்கர் தலைமையில் நடந்த போர்நிறுத்தப் பேச்சு வார்த்தையைச் சேர்த்திருக்கிறது. வரலாறு கூடியது, வீடு மறைந்தது. தாயும் புத்தக அறையும் இல்லாதபோது, பவுல் எதை இழந்தான் என்பதும் நமக்குத் தெரியாமற் போகிறது. சேறும் இரத்தமும் எவ்வளவு தத்ரூபமாக இருந்தும், அந்த வெற்றிடம் நிரம்பவில்லை.

ஒரு சாவு, மூன்று முடிவு

புதினம் முழுவதும் ‘நான்’ என்று பேசிவந்த பவுலின் குரல், இறுதியில் நின்றுவிடுகிறது. 1918 அக்டோபரில் அவன் இறந்ததை வேறொரு குரல் சில வரிகளில் சொல்கிறது. அன்று போர்முனை அவ்வளவு அமைதி; படையறிக்கையில் குறிப்பிட எதுவுமில்லை. தலைப்பின் பொருள் அங்கேதான் விளங்குகிறது. ஓர் உயிர் போனது செய்தியே அன்று.

1930-ஆம் ஆண்டுப் படத்தில், வண்ணத்துப்பூச்சி ஒன்றைத் தொடக் கை நீட்டும்போது பவுல் சுடப்படுகிறான். நாம் காண்பது அந்தக் கையை மட்டுமே. 2022-ஆம் ஆண்டுப் படத்திலோ, 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்குப் போர் நிற்கவிருக்க, கடைசி நிமிடங்களில் ஒரு தளபதியின் வீம்பால் நடக்கும் தாக்குதலில் அவன் மடிகிறான்.

மூன்றும் உருக்கமானவையே. எனினும் கடைசி முடிவு பழியை ஒரு தளபதியின் தலையில் ஏற்றுகிறது. அவர் இல்லாவிட்டால் பவுல் பிழைத்திருப்பான் என்று நம்மை எண்ண வைக்கிறது. ரெமார்க் அந்த ஆறுதலையும் நமக்குத் தரவில்லை. கொன்றவன் யார் என்றே அவர் சொல்லவில்லை. சிறப்பற்ற ஒரு நாளில் சாக விட்டார். பெரும்பாலோர் அப்படித்தானே மடிந்தனர்!

சொல்லுக்கு அஞ்சியவர்கள்

1930 டிசம்பரில் பெர்லினில் படம் திரையிடப்பட்டபோது, நாஜிகள் அரங்கினுள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டுக் கலகம் செய்தனர். சில நாட்களில் படம் தடை செய்யப்பட்டது. 1933 மே மாதத்தில் நூல் தீயிலிடப்பட்டது. 1938-இல் ரெமார்க்கின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1943-இல், போருக்கு எதிராகப் பேசினார் என்று அவர் தங்கை எல்ஃப்ரீடே ஷோல்ஸ் தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த போருக்கு ஆள் சேர்க்க வேண்டியவர்களுக்கு, முந்திய போரின் உண்மையே முதற்பகை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

முடிவுரை

அந்தப் போர் நமக்கு அயலானது அன்று. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அதற்காகக் கடல் கடந்தனர். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு பொழிந்த ஜெர்மன் கப்பலின் பெயர், ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் பேச்சில் இன்றும் வழங்குகிறது. அச்சுறுத்திய கப்பலின் பெயரை நாவில் வைத்துக்கொண்ட நாம், போய்த் திரும்பாதவர்களின் பெயர்களையும் தேடிப் படிக்க வேண்டும்.

போர்ப் படைப்பை மதிப்பிட நான் கொள்ளும் அளவுகோல் எளியது. களத்தை எவ்வளவு கோரமாகக் காட்டியது என்பது முதற்கேள்வி அன்று. அவனை அங்கு அனுப்பிய சொல் எது, அவன் திரும்பி வர முடியாமற் போன வீடு எது என்ற இரண்டையும் அது காட்ட வேண்டும். அவ்வளவில் புதினமே முதலிடம் பெறுகிறது. 1930-ஆம் ஆண்டுப் படம் அதையடுத்து நிற்கிறது. பவுல் படைக்குப் போனபோது அவனுக்கு நம் வயதுதான். அவன் கதையை நாம் படிக்க அதுவே போதிய காரணம் என்பது என் துணிபு.