செய்முறைப் பரீட்சைக்குச் சுருதிக் கருவியைத் தெரிதல்

சங்கீத ஆசிரியர் எழுதத்தக்க பொருளைத் தமிழாசிரியன் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன். க.பொ.த. சாதாரண தரத்திலே கர்நாடக சங்கீதம் பயில்வோரும், 1931ஆம் ஆண்டில் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தோற்றுவோரும் செய்முறைப் பரீட்சை அணுகுங்கால் வினவுவது ஒன்றுண்டு. சுருதிக்குத் தம்புராவைக் கொள்வதா, துருத்தியாற் காற்றூட்டும் சுருதிப்பெட்டியைக் கொள்வதா, மின்சுருதிப்பெட்டியையோ கைப்பேசிச் செயலியையோ கொள்வதா?

விடை காணுமுன் சுருதியின் இயல்பை அறிதல் வேண்டும். தம்புராவின் தந்திகள் நான்கு. முதலாவது பஞ்சமம், நடுவிரண்டும் மத்திய ஸ்தாயி ஷட்ஜம், இறுதியது மந்தர ஷட்ஜம். மந்தர ஷட்ஜம் விநாடிக்கு 100 முறை அதிருமாயின், பஞ்சமம் 150 முறையும் நடுத்தந்திகள் 200 முறையும் அதிரும். குரலுக்கு ஐந்தாம் நரம்பாக இளியை வைத்த நம் முன்னோர் இவ்வுறவினை நன்குணர்ந்திருந்தனர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலிலே இத்தகைய அளவுகளைக் கணிதவழி நின்று ஆராய்ந்தார்.

தந்திக்கும் குதிரைக்கும் இடையில் வைக்கும் சிறு நூலை ஜீவாளி என்பர். அது செவ்வனே பொருந்தின், மந்தரத் தந்தியினின்றும் 500 அதிர்வுடைய கிளையொலி ஒன்று தெளிவாய் எழும். அதுவே அந்தர காந்தாரம். எவரும் மீட்டாத சுரம் தானே பிறத்தல் வியப்பன்றோ! விசைப்பலகையில் அதே காந்தாரத்தை வாசிப்பின் ஏறக்குறைய 504 அதிர்வு வரும். இரண்டும் ஒருங்கே ஒலிப்பின் விநாடிக்கு நான்கு அலைவு கேட்கும். ஆதலின் விசைப்பலகையை மாத்திரம் துணைக்கொண்ட செவி சற்றே பிறழப் பழகும்.

இனிக் கருவிகளை நோக்குவோம். தம்புராத் தந்தி வெப்பத்தாலும் ஈரத்தாலும் நெகிழும்; அடிக்கடி கேட்டுத் திருத்தல் வேண்டும். துருத்திப்பெட்டி எளிதிற் பிசகாது. ஆயின் ஒரு கை அதற்கே உரியதாகும். மின்பெட்டி கையைத் தாளத்திற்கு விடுவிக்கும்; அரைக்கட்டையினும் நுண்ணிதாய்த் திருத்த இடந்தரும். கைப்பேசியின் சிறிய ஒலிவாயோ மந்தர ஷட்ஜத்தை நிறைவாகத் தராது. வசதி ஒன்றையே கருதின் மின்பெட்டியே சிறந்தது எனலாம். யானும் அவ்வாறே எண்ணினேன்.

சில ஆண்டுகளுக்கு முன், "மின்பெட்டி இருக்கத் தம்புரா எதற்கு?" என்று என் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் கூறியவன் யானே. அவன் ஐந்து கட்டையில் இனிது பாடிவந்தவன். பரீட்சைக்குச் சில மாதங்களின் முன் அவன் குரல் உடைந்தது. நாணத்தாற் பயிற்சியைக் குறைத்தான். பரீட்சை நாளிலும் பழைய எண்ணையே வைத்தான். மேல் ஷட்ஜம் எட்டவில்லை. பரீட்சகர் பரிவோடு, "தம்பி, உமக்கிசைந்த சுருதியை வைத்துப் பாடும்" என்றார். அவன் திருகியைத் திருப்பினான். எங்கே நிறுத்துவதென்று அறிந்தானல்லன். தாழ்வாரத்தில் நின்ற என் செவியிற் சுருதி ஏறியும் இறங்கியும் அலைந்தமை இன்றும் ஒலிக்கின்றது. பிழை கருவியினதன்று; என்னது. எண்ணை அறிந்தவனுக்குச் செவியைப் பழக்க யான் வழிவிட்டேனல்லேன்.

ஆகவே மாணாக்கருக்குக் கூறுவது இதுவே. மின்பெட்டியைத் தெரிந்துகொள்வதிற் குற்றமில்லை. ஆயின் தம்புராவைச் சேர்க்கக் கற்றபின் தெரிக. கட்டையின் எண்ணை நோக்காது, நுமது ஷட்ஜத்தைச் செவியாற் கண்டு பின்னர் எண்ணைச் சரிபார்க்க. குரல் மாறும் பருவத்தில் மாதந்தோறும் சுருதியை மீளத் தேடுக. அதில் நாணம் வேண்டா. பரீட்சைக்குக் கொண்டுசெல்லும் கருவியிலேயே பலநாள் பாடிப் பழகுக. எக்கருவிக்கு அனுமதி உண்டென்பதை ஆசிரியரிடம் முன்னரே கேட்டறிக. மின்கலத்தையும் மறவற்க.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் சங்கீத அறையின் மூலையிலே தந்தியற்ற தம்புரா ஒன்று சாய்ந்து நிற்கின்றது. அதற்கு நான்கு தந்தியும் ஒரு முழம் நூலும் தேர்ந்த கைவினைஞர் ஒருவரது சில நாள் உழைப்புமே வேண்டும். இவ்விழா ஆண்டில் அது மீண்டும் ஒலிக்குமாயின், இனி வரும் சிறுவன் எவனும் தன் ஷட்ஜத்தைத் தேடித் தடுமாறான்.