டிரைவர் போட்ட ராத்திரி

லினக்ஸ் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு,

கிராபிக்ஸ் டிரைவரைப் போட்டு ரீபூட் கொடுத்தவருக்குத் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், போனில் அவர் சொல்லும் முதல் வார்த்தை “சிஸ்டம் போச்சு”. நீ போய்ச் சேர்வதற்குள் பென்டிரைவைச் செருகி உபுண்டுவை முதலிலிருந்து ஏற்றத் தொடங்கியிருப்பார். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. கெர்னல் எழுந்திருக்கும், டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கும், நெட்வொர்க்கும் வந்திருக்கும்; படம் காட்ட வேண்டியவர் மட்டும் வந்திருக்க மாட்டார். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3 தட்டினால் சில நேரம் லாகின் கேட்கும். எஸ்எஸ்எச் வைத்திருந்தால் பக்கத்துக் கணினியிலிருந்தே உள்ளே நுழைந்துவிடலாம்.

இந்த இருட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பகை உண்டு. என்விடியா கார்டுகளுக்குக் கெர்னலிலேயே நூவோ என்றொரு டிரைவர் இருக்கிறது. நிறுவனம் விவரம் தராததால், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்து ஆர்வலர்கள் எழுதியது; 2010இல் 2.6.33 கெர்னலோடு சேர்ந்தது. 2012இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமரா முன்னாலேயே என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியதும் இந்த ஒத்துழையாமைக்காகத்தான். நிறுவனத்தின் டிரைவரும் நூவோவும் ஒரு கார்டில் சேர்ந்து உட்கார முடியாது. எனவே புதியவர் வரும்போது நூவோவைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுவார்கள். புதியவரும் உட்காராமல் போனால் வீட்டில் ஆளே இல்லை.

ஜிடி 710 கார்டை எடுத்துக்கொள்வோம். கெப்ளர் தலைமுறை, அதற்கான கடைசி டிரைவர் வரிசை 470. புதியதுதான் நல்லது என்று ஒருவர் 535ஐப் போடுகிறார். இன்ஸ்டால் ஒரு எர்ரரும் இல்லாமல் முடிகிறது. ரீபூட் செய்தால் கர்சர் மட்டும் மினுக்குகிறது. பூட் ஆகும்போது ஷிஃப்டையோ, யூஇஎஃப்ஐ கணினி என்றால் எஸ்கேப்பையோ அழுத்தி கிரப் மெனுவை வரவழைத்து, இ எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு 3 என்று சேர்த்து, எஃப்10 அழுத்துகிறார். எழுத்துத் திரை வருகிறது. டிமெசேஜ் கொடுத்துப் பார்த்தால், இந்தக் கார்டுக்கு 470 வரிசைதான், 535 இதைக் கண்டுகொள்ளாது என்று என்விடியா மாட்யூலே கெர்னல் பதிவில் எழுதி வைத்திருக்கிறது! பார்க்கத்தான் ஆள் இல்லை. என்விடியா பேக்கேஜ்களை ஏபிடியில் பர்ஜ் செய்து ரீபூட் கொடுத்ததுமே நூவோ திரும்பி வந்து டெஸ்க்டாப்பைக் காட்டுகிறது. டைப் அடிக்கிற வேலைக்கு அதுவே தாராளம்.

அந்த கிரப் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று போட்டாலும் படம் வரும். அது முதலுதவிக் கட்டு. அதை அப்படியே நிரந்தரமாக்கிவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்று மாதக்கணக்கில் புலம்புகிறவர்களும் உண்டு.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி அப்டேட்டுக்குப் பிறகு இருண்டால் கதை வேறு. கெர்னலுக்குள் இருக்கும் இணைப்புகள் மாறாது என்று அதை எழுதுபவர்கள் வாக்குக் கொடுத்ததே இல்லை. ஏன் கொடுக்க மாட்டோம் என்று அவர்களில் ஒருவரான கிரெக் க்ரோ-ஹார்ட்மன் தனி ஆவணமே எழுதியிருக்கிறார். ஆகவே கெர்னல் மாறினால் டிரைவர் மாட்யூலும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். டெல் நிறுவனத்தில் பிறந்த டிகேஎம்எஸ் அதைத் தானே கம்பைல் செய்துவிடும், அந்தக் கெர்னலின் ஹெடர் பேக்கேஜ் இருந்தால். ஹெடர் இல்லையா, கிரப்பின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் அதைப் போட வேண்டியதுதான். நிறுவனத் தளத்திலிருந்து ரன் கோப்பை இறக்கிப் போட்டவர்களுக்குத்தான் இதில் அவஸ்தை அதிகம். அப்படி ஒன்று உள்ளே வந்தது ஏபிடிக்கே தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் மாட்யூல் ஏறவில்லை என்றால் செக்யூர் பூட்டைப் பார். கையெழுத்திடாத மாட்யூலை அது சேர்க்காது. டிரைவர் போடும்போது, கையெழுத்துச் சாவியைப் பதிவதற்காக ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை ஒன்று வந்து, 10 விநாடிக்குள் ஏதாவது கீயை அழுத்தச் சொல்லும். வாடிக்கையாளர் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருப்பார். எம்ஓகேயூடில் கட்டளையைக் கொண்டு சாவியை மறுபடி பதியக் கொடுத்துவிட்டு, அவரைக் கணினி முன்னாலேயே உட்கார வை. பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடு. அந்த நீலத் திரையில் அடிக்கும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது.