டீசலின் சீற்றேன் எண்ணும் சிறு உழவு இயந்திரமும்

வாய்க்காலில் நீர் வந்த நாளில் உழவு இயந்திரம் இயங்க மறுத்தால், கமக்காரருக்கு நேரும் நட்டம் பழுதுபார்க்கும் கூலியோடு முடிவதில்லை. நீர் முறை தவறும், நாற்று முற்றும், போகம் பிந்தும். இத்தகைய தடைக்கு எரிபொருளும் ஒரு காரணமாகலாம். ஆகவே, டீசலின் சீற்றேன் எண் எதைக் குறிக்கிறது என்பதை அறிந்திருத்தல் நன்று.

டீசல் தீப்பற்றும் விதம்

பெற்றோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறி இல்லை. உருளையினுள் காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கப்படும்போது, அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேல் உயர்கிறது. அச்சூட்டில் விசிறப்படும் டீசல் சிறு தாமதத்தின் பின் தானாகவே பற்றுகிறது. சீற்றேன் எண் கூடினால் இத்தாமதம் குறையும். எண் குறைந்தால், பற்றாத டீசல் உருளையில் சேர்ந்து பின்னர் ஒரேயடியாக எரியும். அதுவே சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசையாகக் கேட்கிறது. காலையில் இயக்குதல் கடினமாதலும் வெண்புகை எழுதலும் பிற அறிகுறிகளாம்.

எவ்வளவு தேவை?

கூபோட்டா உழவு இயந்திரக் கைநூல்கள் ஆகக் குறைந்த எண்ணாக 45 ஐக் குறிப்பிடுகின்றன; 1,500 மீற்றருக்கு மேற்பட்ட உயரங்களில் 50 க்கு மேல் இருத்தல் விரும்பத்தக்கது என்கின்றன. நுவரெலியா போன்ற இடங்களில் மரக்கறி செய்வோர் இதனை மனத்திற் கொள்க. கைநூல் கூறும் அளவுக்கு மேல் எண் கூடுவதால் இழுவை கூடாது. அது பற்றும் விரைவின் அளவேயன்றி வலுவின் அளவன்று.

கலப்பினால் வரும் கேடு

பெற்றோலின் ஒக்ரேன் எண், தானாகப் பற்றாது தாங்கும் தன்மையைக் காட்டுவது, சீற்றேனுக்கு நேர்மாறானது. ஆகவே, குளிரில் எளிதாக இயங்கும் என எண்ணிப் பெற்றோல் கலத்தல் தவறு. மண்ணெண்ணெய் கலந்தால் எஞ்சின் இயங்கக்கூடும். ஆயினும், எரிபொருட் பம்பியின் உட்பாகங்களுக்கு வழுவழுப்பைத் தருவது டீசலே. மண்ணெண்ணெய்க்கு அத்தன்மை குறைவாதலால் பம்பியும் இன்ஜெக்டரும் தேயும். எரிபொருளில் மிச்சம் பிடித்த பணம் புதிய பம்பிக்குச் செலவாகும்.

கவனிக்க வேண்டியவை

1. டீசலை எரிபொருள் நிரப்பு நிலையத்திலேயே வாங்குக. அதன் சீற்றேன் எண்ணை நிறத்தாலோ மணத்தாலோ அறிய முடியாது.

2. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பயன்பட்ட கலன்களில் டீசலை வைக்காதீர்.

3. கலனை ஓர் இரவு அசையாது வைத்து, அடியில் தங்கும் நீரும் அழுக்கும் சேராமல் வடிகட்டி ஊற்றுக.

4. மாலையில் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்புக. வெறுந்தாங்கியில் இரவுப் பனியால் நீர் கோக்கும்.

5. புதிய டீசல் ஊற்றியபின் தட்டோசை தொடங்கினால், அதனை வடித்துவிட்டு நல்ல டீசலை ஊற்றிப் பார்க்க. ஓசை நீங்காவிடின் குறை எஞ்சினில் இருக்கலாம். காற்று வடியையும் இன்ஜெக்டரையும் எரிபொருள் விசிறும் நேரத்தையும் தேர்ந்த பொறிவினைஞரைக் கொண்டு சோதிப்பிக்க.

இச்சோதனைகளை விதைப்புக்கு முன்னரே முடித்தல் அறிவுடைமை. நீர் வந்தபின் பழுது தேடும் கமக்காரர் அப்போகத்தின் நல்ல நாட்களை இழப்பார்.