பாட்டி முகம் வரைவோம்

நம் லயங்களில் பல வீட்டில் பாட்டியின் படம் ஒன்றுகூட இல்லை. அவர் இருக்கும்போதே நாமே வரைந்து வைப்போமே! அடுப்புக்கரி போதும்.

1. விரல் நீளக் காய்ந்த குச்சிகளை மூடியுள்ள டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு அடுப்பில் வையுங்கள். புகை நின்றதும் பெரியவர் யாராவது இறக்கட்டும். நன்றாக ஆறிய பிறகே திறங்க. சூட்டோடு திறந்தால் கரி பற்றிச் சாம்பலாகிவிடும்.

2. பாட்டியை இஸ்தோப்பில், ஒரு பக்கம் வெளிச்சம் விழ உட்கார வையுங்கள்.

3. முட்டை வடிவம் லேசாகப் போடுங்கள். உச்சந்தலைக்கும் நாடிக்கும் சரிபாதியில்தான் கண் வரும். பழகும்போது நாமும் கண்ணை நெற்றிக்கு ஏற்றித்தான் கெடுத்தோம்.

4. நிழலை விரலால் தேயுங்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் பாண் துண்டை உருட்டி ஒற்றினால் கரி வந்துவிடும்.

முதல் படம் பாட்டி மாதிரி வராது. கிழிக்காதீங்க; தேதி போட்டு வைத்துவிட்டு, மறுபடி வரையுங்கள்.