கணனியைப் போட்டதும் தானாகத் திறக்கும் பிரவுசர்: வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை



காலையில் கடைக்கு வந்து கணனியைப் போட்டு, கடவுச்சொல்லைக் கொடுத்தவுடன், நாம் கேட்காமலேயே பிரவுசர் திறந்து ஏதோ ஓர் இணையப் பக்கம் முன்னால் வந்து நிற்கிறது. நம்மில் பலர் அதை மூடிவிட்டு பில் போடத் தொடங்கிவிடுகிறோம். மறுநாளும் அது வருகிறது, மறுநாளும் மூடுகிறோம். கடைக் கதவு விடியும்போது தானாகத் திறந்து கிடந்தால், சாத்திவிட்டுப் பேசாமல் இருப்போமா? யார் திறந்தது என்று பார்ப்போம் அல்லவா?

பரந்தன் - முல்லைத்தீவு வீதியை அண்டிய கண்டாவளைப் பிரிவானாலும் சரி, கொழும்பானாலும் சரி, இன்று சிறு கடைகளிலும் கடன் கணக்கு, சரக்கு இருப்பு, வங்கிக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஒரே கணனியில்தான். அதைத் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போனால் அன்றைய வியாபாரம் கெடும். ஆகவே முதலில் நாமே பார்க்கக்கூடியவற்றைப் பார்ப்போம்.

முதலில் பக்கத்தைப் பாருங்கள்

மூடுவதற்கு முன், மேலே உள்ள முகவரியை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் அது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. மைக்ரோசொப்ட்டின் எம்.எஸ்.என். பக்கம். வைஃபை இணைந்தவுடன் இணையம் உண்டா என்று விண்டோஸ் சோதித்துப் பார்க்கும். எதிர்பார்த்த பதில் வராவிட்டால், அந்த இணைப்புக்குள் நுழைய ஏதும் விபரம் கொடுக்க வேண்டுமோ என்று எண்ணி பிரவுசரைத் திறந்துவிடும். இதில் ஆபத்தில்லை. உங்கள் ரூட்டரையும் டேட்டா மீதியையும் பாருங்கள்.

2. நேற்று நீங்கள் பார்த்த பக்கங்கள். மூடும்போது திறந்திருந்த மென்பொருட்களை மீண்டும் திறக்கும் வசதி விண்டோஸ் 10, 11 இல் உண்டு. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதனுள் சைன்-இன் ஒப்ஷன்ஸ் சென்று, மென்பொருட்களைச் சேமித்து மீண்டும் தொடங்கும் தெரிவை நிறுத்திவிடுங்கள்.

3. முன்பின் தெரியாத விளம்பரம், சூதாட்டம், பரிசு அறிவிப்பு, அல்லது "உங்கள் கணனியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்" என்ற மிரட்டல். இதைத்தான் பாரதூரமாக எடுக்க வேண்டும். மைக்ரோசொப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருப்பதில்லை. அந்த எண்ணை அழைக்க வேண்டாம்.

எங்கே தேடுவது?

பலர் பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றிவிட்டு, "இன்னும் வருகிறதே" என்கிறார்கள். எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதுதான் பிரவுசருக்குள் இருக்கும் தெரிவு. கணனி தொடங்கியதும் பிரவுசரைத் திறக்கச் சொல்லும் கட்டளை பெரும்பாலும் விண்டோஸில் இருக்கும். அங்கே மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில், கணனியோடு சேர்ந்து தொடங்குபவற்றின் பட்டியல் இருக்கும். தலைப்பு வரியில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, கமாண்ட் லைன் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒரு வரியின் முடிவில் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், தேடியது கிடைத்துவிட்டது. அதை டிசேபிள் செய்யுங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றி அடியுங்கள். திறக்கும் கோப்புறையில் பிரவுசரின் குறுக்குவழி இருந்தால் நீக்கிவிடலாம்.

மூன்றாவது, டாஸ்க் ஷெடியூலர். விளம்பர மென்பொருட்கள் இதற்குள்ளும் ஒளிந்துகொள்வதுண்டு. இங்கே தெரியாத எதையும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். நீங்கள் எழுதி வைத்த முகவரியைத் திறக்கும் வேலையை மட்டும் நிறுத்துங்கள்.

நிறுத்தினால் போதுமா?

மூன்றாவது வகையென்றால் போதாது. வழியை அடைத்தோமே தவிர, உள்ளே வந்தவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். செட்டிங்ஸில் அண்மையில் சேர்ந்த மென்பொருட்களைப் பார்த்து, தேவையற்றவற்றை நீக்குங்கள். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்களையும் அவ்வாறே பாருங்கள். பின்னர் விண்டோஸ் செக்கியூரிட்டியில் டிஃபெண்டர் ஒஃப்லைன் ஸ்கேன் செய்யுங்கள். கணனி தானாக நின்று மீண்டும் தொடங்கும். ஏறத்தாழ 15 நிமிடம் எடுக்கும்.

"விளம்பரம்தானே, வந்துவிட்டுப் போகட்டும்" என்பவர்களுக்கு ஓர் உதாரணம். லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிகணனிகளில் சுப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது 2015 பெப்ரவரியில் பெரிதாக வெளிவந்தது. வங்கித் தளங்களுடனான பாதுகாக்கப்பட்ட தொடர்பையும் பிறர் இடைநின்று பார்க்கக்கூடிய ஓட்டையை அது உண்டாக்கியிருந்தது. கடைசியில் நிறுவனமே அதை நீக்கும் கருவியை வெளியிட நேர்ந்தது.

ஆகவே அப்படிப்பட்ட பக்கம் வந்த கணனியில், சுத்தம் செய்யும்வரை வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். வேறொரு நல்ல கணனியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். கணக்கில் தெரியாத கொடுப்பனவு இருந்தால் அன்றே வங்கிக்கு அறிவியுங்கள்.

எப்படி வந்தது?

பெரும்பாலும் நாமே கூட்டி வந்ததுதான். இலவசத் தமிழ் எழுத்துரு, பாட்டு இறக்கும் மென்பொருள் என்று கண்ட தளங்களில் எடுப்பது, வாசிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்துவது, உரிமமில்லாத விண்டோஸைத் திறக்கும் 'கிராக்' போடுவது ஆகியவையே முக்கிய வழிகள். கிராக் மலிவாகத் தெரியலாம். ஆனால் மென்பொருளும் ஒருவரின் சொத்து. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. இன்னொன்று, விண்டோஸ் 10 இற்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. அதை இன்னும் வைத்திருப்பவர்கள் மாறுவது பற்றி யோசிக்க வேண்டும்.

கடைக் கணனியில் இருப்பது நமது பணம் மட்டுமல்ல. நம்மை நம்பிக் கடன் வாங்கியவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கணக்கும் நம்மிடம் அமானிதமாக இருக்கின்றன. கடைப் பையன்களுக்கு நிர்வாக அதிகாரமில்லாத தனிக் கணக்கைத் திறந்து கொடுங்கள். கணக்குகளின் பிரதியை வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து, கணனியிலிருந்து கழற்றி வீட்டில் வையுங்கள்.